ரைஸ் குக்கர் எடை பார்த்து அணைகிறதா, காந்தத்தால் அணைகிறதா?

ஒரு வாசகர், ஜனவரி 6, மாலை 6.20

எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் பதினோரு வருடமாக ஓடுகிறது. என் கணிப்பில் அது அணைவது எடையால்தான். தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாத்திரம் லேசாகிறது, நடுவில் இருக்கும் ஸ்பிரிங் பொத்தான் மேலே எழும்புகிறது, லிவர் விழுகிறது. உள்ளே காந்தம் இருக்கிறது, அது சூட்டில் செத்துப்போகிறது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சூட்டில் செத்த காந்தம் மறுநாள் காலையில் எப்படி உயிரோடு வரும்? தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஜனவரி 6, இரவு 9.50

எடை இல்லை. காந்தம்தான். ஆனால் சூட்டில் குணம் போவது காந்தத்துக்கு இல்லை, அது ஒட்டிக்கொண்டிருக்கும் வில்லைக்கு.

முதலில் எடைக் கணக்கு. ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைக்கிறோம். வெந்து முடிந்ததும் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி சோற்றுக்குள்தான் இருக்கிறது. ஆவியாகப் போனது கொஞ்சம். அதைவிட முக்கியம், ஒரே குக்கரில் ஒருநாள் ஒரு டம்ளர் வைக்கிறோம், விருந்தாளி வந்தால் மூன்று டம்ளர் வைக்கிறோம். மூன்று டம்ளர் சோறு வெந்து முடிந்த பிறகும், ஒரு டம்ளர் அரிசியைத் தண்ணீரோடு வைத்ததைவிடக் கனமாகத்தான் இருக்கும். எடை பார்த்து அணையும் குக்கர் இரண்டு நாளும் சரியாக அணைய வழியே இல்லை.

கும்பகோணத்தில் எங்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், குக்கர் பழுது பார்க்கும் கடை. அப்பா ஆரம்பித்தது. நான் அதற்கு முன்னால் இயற்பியலில் எம்.ஃபில். முடித்தவன், காந்தக் கலவைகளில்தான் ஆய்வு. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

அந்த நடுப் பொத்தானைக் கழற்றினால் உள்ளே இருப்பது இதுதான். மேலே அலுமினியத் தொப்பி. தொப்பியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு வில்லை. தொட்டால் பீங்கான் மாதிரி இருக்கும், தரையில் விழுந்தால் உடையும். அது ஃபெர்ரைட். அதற்குக் கீழே ஒரு கம்பியின் தலையில் கருப்பு நிலைக்காந்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங், எப்போதும் பிரித்துத் தள்ளப் பார்க்கும். நீங்கள் லிவரை அழுத்தும்போது காந்தம் மேலே போய் வில்லையில் ஒட்டுகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, கரண்ட் ஓடுகிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் ஏறும். 103 டிகிரி வாக்கில் வில்லை காந்தத்துக்குப் பிடிகொடுக்காத வெறும் பீங்கானாகிவிடும். ஸ்பிரிங் ஜெயிக்கும். டக்.

வில்லை ஆறினால் குணம் திரும்பிவிடும். அதனால்தான் மறுநாள் மறுபடி ஓடுகிறது, பதினோரு வருடமாக.

நம்பிக்கை வரவில்லை என்றால், ஆவித் துளையை அடைக்காமல் மூடிமேல் ஒரு அரைக்கிலோ படிக்கல்லை வைத்துச் சோறு வைத்துப் பாருங்கள். எடைதான் காரணம் என்றால் அணையக்கூடாது.

ஜனவரி 6, இரவு 10.15

இன்னொன்று, படிக்கல்கூட வேண்டாம். சோறு ஆகி லிவர் விழுந்த உடனே மறுபடி அழுத்துங்கள். நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்து அழுத்தினால் நிற்கும். இடையில் எடை மாறவில்லை, சூடு மட்டும்தான் மாறியது.

ஜனவரி 7, காலை 7.30

"103 டிகிரி என்று யார் முடிவு செய்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இதில்தான் எனக்கு ருசி.

பழுக்கக் காய்ந்த இரும்பைக் காந்தம் இழுக்காது என்பது பழைய செய்தி. கில்பர்ட் 1600-ல் காந்தத்தைப் பற்றி எழுதிய நூலிலேயே இருக்கிறது. பியர் கியூரி 1895-ல் தன் ஆய்வேட்டில் இதை வெப்பநிலையோடு முறையாக அளந்து காட்டினார், காந்தக் குணம் போகும் வெப்பநிலைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. இரும்புக்குக் கியூரி வெப்பநிலை 770 டிகிரி, கோபால்ட்டுக்கு 1,115 வாக்கில், நிக்கலுக்கு 358 வாக்கில், கடோலினியத்துக்கு 20 வாக்கில். இந்த வரிசையில் சோற்றுக்கு உதவும் எண் எதுவும் இல்லை. 103 வேண்டும் என்றால் நாமே சமைத்துக்கொள்ள வேண்டும்.

சமைக்கும் வழி ஜிங்க். குக்கர் வில்லையில் இருப்பது இரும்பு ஆக்சைடோடு மாங்கனீசும் ஜிங்கும் சேர்த்துச் சுட்ட ஃபெர்ரைட். இரும்பு அணு, மாங்கனீசு அணு ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். நடுவில் நிற்கும் ஆக்சிஜன் வழியாக ஒன்றையொன்று கட்டுப்படுத்தி வரிசையாக நிற்கின்றன. ஜிங்குக்கு அந்தக் குணம் இல்லை. கோலாட்டத்தில் கையில் கோல் இல்லாமல் ஒருவர் நின்றால் அவருக்கு இருபக்கமும் இருப்பவர்களின் அடி காற்றில்தானே போகும், அந்த மாதிரி. அப்படிப்பட்டவர்கள் கூடக் கூட, ஆட்டம் குலைய அதிகச் சூடு தேவைப்படாது. எவ்வளவு ஜிங்க் சேர்க்கிறோம் என்பதை வைத்தே கியூரி வெப்பநிலையை வேண்டிய இடத்துக்கு இறக்கிவிடலாம்.

பலமான காந்தம் செய்வதை எல்லோரும் பெரிய வித்தையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வித்தையாகத் தெரிவது, காந்தக் குணம் எந்த இடத்தில் கைவிட வேண்டும் என்று பொருளுக்குள்ளேயே எழுதி வைப்பது. அந்த வில்லைக்குள் ஒரு டிரான்சிஸ்டர் கிடையாது, புரோகிராம் கிடையாது.

ஜனவரி 7, இரவு 10.40

நேற்று 103-ல் குணம் போய்விடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

காந்தக் குணம் அந்த ஒரு டிகிரியில் அறுந்து விழுவதில்லை. அறை வெப்பநிலையிலிருந்தே தேய்ந்துகொண்டு வரும். முதலில் மெதுவாக, கடைசிச் சில டிகிரியில் சரசரவென்று. காந்த இழுப்பு ஸ்பிரிங்கின் தள்ளலுக்குக் கீழே எந்த இடத்தில் போகிறதோ அங்கே பிரியும். அது கியூரி வெப்பநிலைக்குச் சற்று முன்னாலேயே நடந்துவிடும்.

அப்படியானால் "டக்" என்று ஏன் கேட்கிறது, மெதுவாகத்தானே பிரிய வேண்டும்? அந்தச் சத்தம் பொருளின் நிலைமாற்றத்தால் வருவது இல்லை, அமைப்பால் வருவது. காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலே இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்பிரிங்கின் பலம் அவ்வளவு வேகமாகக் குறையாது. அதனால் பிரிய ஆரம்பித்தால் முழுசாகப் பிரிந்துதான் நிற்கும்.

இன்று கடை மூடிய பிறகு செய்து பார்த்தேன். எரிந்துபோன ஒரு குக்கரின் வில்லையை நூலில் கட்டி, அடியில் ஒரு சின்னக் கருப்புக் காந்தத்தை ஒட்டி, அலுமினியச் சட்டியில் கடலெண்ணெய் ஊற்றி உள்ளே இறக்கினேன். பக்கத்தில் தெர்மாமீட்டர். சிறு தீயில் வைத்தேன். 90-ல் ஒன்றும் இல்லை. 97-ல் நூலைத் தட்டினேன், காந்தம் அசையவில்லை. 101-ல் ஓசையில்லாமல் கழன்று சட்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வில்லை காந்தத்துக்கு ஒரு நெல்மணி உயரம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. 94-க்கு வந்தபோது காந்தம் எண்ணெய்க்குள்ளேயே துள்ளி ஒட்டிக்கொண்டது. ஏறும்போது 101, இறங்கும்போது 94. இந்த ஏழு டிகிரி தயக்கம்தான், லிவரை உடனே அழுத்தினால் நிற்காததற்குக் காரணம்.

ஜனவரி 9, மதியம் 2.10

ஊட்டியிலிருந்து எழுதிய அக்காவுக்கு: உங்கள் குக்கரில் பழுது இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். வில்லைக்கு மலை தெரியாது, அது 103-க்குத்தான் காத்திருக்கும். அதனால் அரிசி முழு நேரமும் 93-ல் வேகிறது, தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறி அணைந்துவிடுகிறது. நடு அரிசி விதை விதையாக இருப்பது இதனால்தான். அரை டம்ளர் தண்ணீர் கூட வையுங்கள், அரிசியை ஊறவைத்துப் போடுங்கள், அணைந்த பிறகு கால்மணி நேரம் திறக்காதீர்கள்.

அடி பிடிக்கிறது என்று எழுதிய மற்றவர்கள் முதலில் பாத்திரத்தின் அடியைத் துடைத்துப் பாருங்கள். பொத்தானுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் காய்ந்த பருக்கை ஒன்று ஒட்டியிருந்தால் போதும், சூடு பொத்தானுக்குத் தாமதமாகப் போகும். கடைக்கு வரும் குக்கர்களில் பாதிக்கு நான் செய்யும் வைத்தியம் அந்தப் பருக்கையைச் சுரண்டி எடுப்பதுதான். பாத்திரம் கீழே விழுந்து அடி நசுங்கியிருந்தாலும் இதே கதை.

ஜனவரி 12, இரவு 9.15

சேலத்துத் தம்பி ஒருவர், பழைய காந்தத்துக்குப் பதிலாக நியோடிமியம் காந்தம் போட்டால் குக்கர் இன்னும் உறுதியாக நிற்குமா என்கிறார். தம்பி, வேண்டாம். இதை ஒரு பையன் செய்தே காட்டிவிட்டு குக்கரை என்னிடம் கொண்டுவந்தான்.

பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்த நியோடிமியம் துண்டை அளவாக வைத்து ஒட்டியிருந்தான். முதல் நாள் அடியில் அரை அங்குலம் கருகல். இரண்டு வாரத்தில் தலைகீழாக, அரிசி வேகும் முன்னே லிவர் விழுந்தது. இரண்டு குற்றமும் ஒரே காந்தத்தால் வந்ததை அவனால் நம்ப முடியவில்லை.

முதல் குற்றத்துக்குக் காரணம் நான் 7-ஆம் தேதி எழுதியது. வில்லையின் குணம் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. பலமான காந்தத்துக்கு அந்தக் கடைசிக் கொஞ்சமே போதும், பிடித்துக்கொண்டிருக்கும். போதாததற்குப் பலமான காந்தப்புலம் பக்கத்தில் இருந்தால் நிலைமாற்றத்தின் முனையே மழுங்கிவிடும். கியூரி வெப்பநிலையைத் தாண்டியும் அணுக்களில் கொஞ்சம் வரிசை மிச்சம் இருக்கும்.

இரண்டாவதற்குக் காரணம் நியோடிமியம். சாதாரணத் தர நியோடிமியத்தை 80 டிகிரிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அதன் கியூரி வெப்பநிலை 310 வாக்கில்தான், ஆனால் அதற்கு வெகு முன்பே உள்ளே சில பகுதிகள் திசை திரும்பிவிடும், ஆறினாலும் திரும்பி வராது. தினம் இரண்டு வேளை சோறு ஆக்கினால் தினம் இரண்டு முறை பலம் இழக்கும். குக்கரோடு வரும் கருப்புக் காந்தம் டிகிரிக்கு 0.2 சதவீதம் குறையும், 25-லிருந்து 100-க்குப் போனால் 15 சதவீதம், ஆனால் ஆறியதும் அத்தனையும் திரும்பிவிடும். ஒன்றுமில்லாத காந்தம் மாதிரித் தெரியும், அந்த இடத்துக்கு அதுதான் சரியான ஆள்.

அதே பையன் வெப்ப ஃபியூஸையும் வெட்டிவிட்டு நேராக ஒயர் கொடுத்திருந்தான். இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். காந்தம் தவறினால் வீட்டைக் காப்பது அந்த ஃபியூஸ்.

ஜனவரி 13, காலை 8.05

குக்கரோடு முடிந்துவிடுகிற வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். டிவி, ரேடியோ பழுது பார்த்தவர்களுக்கு வெல்லர் கம்பெனியின் மேக்னாஸ்டாட் பற்றவைப்புக்கோல் நினைவிருக்கும். முனையின் வால்பக்கம் ஒரு குட்டி காந்தக் கலவைத் துண்டு. கைப்பிடிக்குள் காந்தமும் சுவிட்சும். முனை சூடாகிக் கியூரி வெப்பநிலையைத் தொட்டதும் காந்தம் விலகும், கரண்ட் நிற்கும், கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஒட்டும். முனையின் பின்னால் 6, 7, 8 என்று எண் இருக்கும். 7 என்றால் 700 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 370 டிகிரி. சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகாணி கிடையாது, முனையைத்தான் மாற்ற வேண்டும். அப்பாவிடம் ஒன்று இருந்தது. வேலை நடக்கும்போது கைக்குள் "டிக்... டிக்..." என்று துடிக்கும். ஈயம் அதிகம் வைக்கிற இடத்தில் அந்தத் துடிப்பு நெருங்கி வரும். அப்பா அந்தச் சத்தத்தை வைத்தே சூடு போகிற வேகத்தைச் சொல்வார்.

ஜனவரி 19, மாலை 5.30

பொங்கலுக்குக் கடை நான்கு நாள் மூடியிருந்தது. அந்தச் சாக்கில் சிவகங்கைப் பக்கம், திருப்பாச்சேத்தி வரை போய்வந்தேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர். ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் என்னை உட்கார விட்டார்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள். பட்டறைக்குள் அரை இருட்டு, அது வேண்டுமென்றே வைத்த இருட்டு, வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றும் என்றார். துருத்தி ஊதி, நிறத்தைப் பார்த்து, "இப்ப" என்று சொல்லித் தண்ணீரில் வைப்பார். நான் கையில் ஒரு காந்தத்தை நீளக் கம்பியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் அனுமதியோடு, நிறம் ஏற ஏற, வாயின் ஓரத்தில் ஒரு நொடி தொட்டுத் தொட்டு எடுத்தேன். மங்கல் சிவப்பில் இழுத்தது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் வெறும் செங்கல்லைத் தொட்டது போல ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான்கைந்து மூச்சு நேரம் கழித்துத்தான் அவர் "இப்ப" என்றார். மூன்று அரிவாளிலும் அதே வரிசை. காந்தத்தைப் பார்த்து அவர் சொன்னது, "எங்கண்ணு சொல்றத அது கொஞ்சம் முன்னாடியே சொல்லுது."

அந்த "கொஞ்சம் முன்னாடி"க்குக் காரணம் உண்டு. இரும்பில் இரண்டு நிலைமாற்றங்கள் அக்கம்பக்கமாக நடக்கின்றன. சுத்த இரும்பு 770-ல் காந்தக் குணத்தை விடுகிறது, ஆனால் அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை மாறுவதில்லை. அடுக்கு மாறுவது 912-ல். கார்பன் சேர்ந்த எஃகில் அந்த அடுக்கு மாற்றம் கீழே இறங்கி 727-லேயே தொடங்கிவிடும். அரிவாள் உறுதியாக வேண்டுமானால் அடுக்கு மாறி முடிய வேண்டும், காந்தம் விட்டால் மட்டும் போதாது. ஸ்பிரிங் பட்டை எஃகில் இரண்டும் மிக அருகில் வருவதால் காந்தம் நல்ல கைகாட்டி. காந்தம் விட்ட பிறகு இன்னும் சற்றுக் காய்ச்சிவிட்டு நீரில் வைத்தால் சரி.

எனக்கு மறக்காத காட்சி வேறு. ஒரு துண்டை நீரில் வைக்காமல் சும்மா ஆறவிடச் சொன்னேன். சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. மங்கும் நடுவில் ஒரு கணம், யாரும் ஊதாமலே, உள்ளிருந்து மறுபடி ஒளி கூடியது. பிறகு அணைந்தது. அடுக்கு பழைய நிலைக்குத் திரும்பும்போது, வாங்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிற வெளிச்சம் அது. புத்தகத்தில் பத்து முறை படித்திருந்தேன். அந்தப் பெரியவருக்கு அது தினமும் பார்க்கிற விஷயம்.

ஜனவரி 24, இரவு 11.20

"சோறும் அரிவாளும் சரி, இந்தக் காலத்துக்கு என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். காந்தக் குளிர்பதனம். இதற்குத்தான் நான் எம்.ஃபில். காலத்தைக் கொடுத்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கடோலினியம் என்ற உலோகத்துக்குக் கியூரி வெப்பநிலை 20 டிகிரி வாக்கில் என்று எழுதினேன் இல்லையா. எங்கள் ஆய்வகத்தில் புளியங்கொட்டை அளவு ஒன்று இருந்தது. ஏசி 18-ல் ஓடும் அறையில் சாதாரணக் கருப்புக் காந்தத்தில் ஒட்டித் தொங்கும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துச் சூடேற்றிவிட்டு வைத்தால் நழுவி விழும். நம் உடம்புச் சூடே அதற்குப் போதும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கியூரி வெப்பநிலைக்கு அருகில் இருக்கும் கடோலினியத்தைப் பலமான காந்தப்புலத்துக்குள் தள்ளினால், கலைந்து நின்ற அணுக் காந்தங்கள் வரிசைக்கு வரும். அந்தக் கலைவு எங்கேயாவது போக வேண்டும், அணுக்களின் அதிர்வுக்குப் போகிறது, துண்டு சூடாகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் ஓட்டி எடுத்துவிட்டுக் காந்தத்திலிருந்து வெளியே எடுத்தால், முன்னிருந்ததைவிடக் குளிர்கிறது. வாயு இல்லை, கம்ப்ரசர் இல்லை. 1 டெஸ்லா (புலத்தின் பலத்தை அளக்கும் அலகு) புலத்துக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று டிகிரிதான். ஆனால் துண்டுகளை அடுக்கி, தண்ணீரை முன்னும் பின்னும் ஓட்டி, அந்த மூன்றைப் பலமடங்காக்கலாம். 1976-ல் நாசாவில் பிரவுன் கடோலினியத்தையும் 7 டெஸ்லா காந்தத்தையும் வைத்து 47 டிகிரி வித்தியாசம் காட்டினார்.

1997-ல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பெச்சார்ஸ்கியும் கிஷ்னைட்னரும் கடோலினியம், சிலிக்கான், ஜெர்மேனியம் சேர்ந்த ஒரு சேர்மத்தில் கடோலினியத்தையும் மிஞ்சும் விளைவைக் கண்டார்கள். காரணம், அதில் காந்த வரிசையும் படிக அடுக்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. நான் பட்டறையில் பார்த்த ஒளி மாதிரி, உள்ளுறை வெப்பத்தோடு நடக்கும் மாற்றம். அதற்குப் பிறகு உலகமெங்கும் இந்த ரகப் பொருள்களைத் தேட ஆரம்பித்தார்கள். லாந்தனம்-இரும்பு-சிலிக்கான், மாங்கனீசு-இரும்பு-பாஸ்பரஸ், நிக்கல்-மாங்கனீசுக் கலவைகள்.

என் துண்டு நிக்கல்-மாங்கனீசு-டின். மின்வில் உலையில் உருக்கி எடுத்த பொத்தான். முதல் அளவீட்டில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் வழிகாட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: "இரண்டாம் சுற்று எங்கே?" அதே துண்டு, அதே வெப்பநிலை, மறுபடி புலம் ஏற்றினேன். பாதிகூட வரவில்லை. முதல் சுற்றில் புலம் ஏற்றியபோது மாறிய பகுதி, புலத்தை இறக்கியதும் திரும்பவில்லை, மாறிய நிலையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்னும் துண்டை முழுக்கச் சூடாக்கி, முழுக்கக் குளிரவைத்துப் பழைய நினைவைத் துடைத்திருக்க வேண்டும், நான் துடைக்கவில்லை. துடைத்து எடுத்தாலும் ஃபிரிட்ஜுக்கு அந்த எண் உதவாது. ஃபிரிட்ஜ் வினாடிக்குச் சில முறை புலத்தை ஏற்றி இறக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் துண்டைத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே இரண்டாம் சுற்றில், இருபதாயிரமாவது சுற்றில் என்ன வருகிறது என்பதுதான் கணக்கு. அது தவிர, ஒவ்வொரு முறையும் படிகத்தின் அளவு மாறுவதால் துண்டில் விரிசல் விழும். என் பொத்தான்களில் இரண்டு தானாகவே பிளந்தன.

கடோலினியம் அடக்கமானது, கொடுப்பது குறைவு, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதையே கொடுக்கும். இன்றுவரை மாதிரிக் கருவிகளில் மற்றதை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அதுதான்.

ஜனவரி 25, காலை 6.50

எழுத மறந்தது ஒன்று. இரும்பும் ரோடியமும் சரிபாதி சேர்ந்த கலவை நம் குக்கர் வில்லைக்கு நேர் எதிர். குளிர்ந்திருக்கும்போது காந்தம் இழுக்காது, சூடானால் இழுக்கும். அணுக் காந்தங்கள் எதிரும் புதிருமாக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தவை, 100 டிகிரியை ஒட்டி ஒரே திசைக்குத் திரும்புகின்றன. துண்டு 1 சதவீதம் பருத்தும் போகிறது. 1938-ல் ஃபாலோ கண்டுபிடித்தார். இதில் குளிர்ச்சியும் தலைகீழ், காந்தப்புலத்துக்குள் போனால் குளிரும். ரோடியத்தின் விலைதான் இடிக்கிறது.

இன்னொரு திருத்தம், நானே பல இடங்களில் பேசியிருப்பதால். இந்தக் காந்த-வெப்ப விளைவை 1881-ல் வார்பர்க் கண்டார் என்று நிறையப் புத்தகங்களில் இருக்கும். அவர் கட்டுரையில் இருப்பது இரும்பில் காந்தத் தயக்கத்தால், அதாவது புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தக் குணம் பின்தங்கி வருவதால், வரும் வெப்பம். விளைவை நிக்கலில் அதன் கியூரி வெப்பநிலையை ஒட்டித் தெளிவாகக் கண்டு, திரும்பக்கூடியது என்று சொன்னவர்கள் 1917-ல் வெயிஸும் பிக்கார்டும்.

ஜனவரி 27, இரவு 10.05

மேலே போய் 7-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தேன். மனசு ஒப்பவில்லை. 101-ல் விட்டது, 94-ல் பிடித்தது, ஏழு டிகிரி தயக்கம் என்று எழுதியிருக்கிறேன். தப்பு. அந்த வில்லையின் மாற்றம் தொடர்ச்சியானது, உள்ளுறை வெப்பம் கிடையாது. அதில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி இருக்கக்கூடாது. மூன்று நாள் முன்பு நிக்கல்-மாங்கனீசில் எது தயக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இதை அப்படியே விட முடியாது.

மறுபடி எண்ணெய் வைத்தேன். இம்முறை காந்தம் விழுந்ததும், ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் மரக்கரண்டியால் காந்தத்தைத் தூக்கி வில்லையைத் தொடவைத்தேன். 100-ல் ஒட்டியது. எண்ணெயைக் கலக்கிவிட்டு இன்னும் மெதுவாக ஆறவிட்டபோது விடுவதும் பிடிப்பதும் ஒரே கோட்டில் வந்துவிட்டன. முதல் நாள் ஏழு டிகிரி வந்ததற்குக் காரணம் அந்த நெல்மணி உயர இடைவெளி. தள்ளி இருந்து இழுக்க வில்லைக்கு அதிகக் குணம் வேண்டும், அதற்கு அது இன்னும் ஆற வேண்டியிருந்தது.

லிவரை உடனே அழுத்தினால் நிற்காததற்கும் இதுவே காரணம். வில்லை இன்னும் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். தயக்கம் என்ற சொல்லை நான் அங்கே எடுத்திருக்கவே கூடாது.

அந்தச் சொல்லை மட்டும் விட மனமில்லை. பள்ளிப் புத்தகத்தில் "காந்தத் தயக்கம்" என்று படித்தபோது வெறும் கலைச்சொல்லாகத் தெரிந்தது. போகும்போது ஒரு வாசலில் நின்று, வரும்போது வேறு வாசலில் நிற்கும் அந்த நிக்கல்-மாங்கனீசுத் துண்டை அளந்த பிறகுதான், மொழிபெயர்த்தவர் எவ்வளவு பொருத்தமாகப் பிடித்திருக்கிறார் என்று புரிந்தது.

ஜனவரி 30, மதியம் 1.40

கொசு மருந்து மெஷினுக்குள்ளும் இந்தக் காந்தமா என்று கேட்டவருக்கு: காந்தம் இல்லை, ஆனால் உறவுக்காரர். அந்த மெஷின்கள் பலவற்றில் இருப்பது பேரியம் டைட்டனேட் வில்லை. அதில் வரிசையாக நிற்பது காந்தம் இல்லை, மின் முனைகள். அதற்கும் ஒரு கியூரி வெப்பநிலை உண்டு, கலப்படம் இல்லாவிட்டால் 120 வாக்கில். அதைத் தாண்டியதும் மின்தடை பல ஆயிரம் மடங்கு ஏறி, தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பழைய பெட்டி டிவியைப் போட்டவுடன் "துங்ங்" என்று ஒரு அதிர்வு வந்து நிற்குமே, அந்தக் காந்தநீக்கச் சுருளுக்கு மின்சாரத்தை வெட்டியதும் இதே ரக வில்லைதான்.

பிப்ரவரி 2, இரவு 8.30

கேள்வி கேட்ட நண்பரிடமிருந்து இன்று பதில் வந்திருக்கிறது. கடைக்காரரிடம் தராசு இரவல் வாங்கியிருக்கிறார். அரிசியும் தண்ணீருமாக வைக்கும்போது 910 கிராம், அணைந்ததும் 815. மறுநாள் அதே அளவு வைத்து, கொதி வந்த பிறகு மூடிமேல் அரைக்கிலோ படிக்கல்லை வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்களாம். எடை 400 கிராமுக்கு மேல் கூடித்தான் இருந்தது, வழக்கமான நேரத்துக்கு "டக்" என்று விழுந்துவிட்டது. சோறும் பதமாக இருந்ததாம்.

செத்துப்போன குக்கரின் பொத்தான் ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள், பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. வில்லை உடையாமல் இருக்கும் இரண்டை நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.